கோபம் வந்து சேரும் இடம்

கணினி ரிப்பேர் பற்றி எழுதப் போகிறேன் என்றதும், ஹார்டுவேர் வகுப்பு எடுக்கும் நண்பர் சொன்னார்: "பெஞ்சு பக்கம் அப்புறம் போங்க. மொதல்ல கவுன்ட்டர்ல நில்லுங்க. பாதி வேலை அங்கதான் நடக்குது." ரிச்சி தெருவில் தனக்குத் தெரிந்த ஒரு கடைக்கும் அவரே சொல்லி அனுப்பினார்.

சென்னை அண்ணா சாலையிலிருந்து உள்ளே திரும்பினால் ரிச்சி தெரு, நரசிங்கபுரம் தெரு, அவற்றை ஒட்டிய சந்துகள். ரேடியோ உதிரிபாகம் விற்ற காலம் தொட்டு, சரக்கு மட்டும் மாறிக்கொண்டே வந்திருக்கிற இடம். வாங்க வருகிறவர்கள் கீழ்த்தளக் கடைகளோடு திரும்பிவிடுவார்கள். நான் போன கடை குறுகலான படிக்கட்டுக்கு மேலே இருந்தது. மூன்று பேர் நின்றால் நான்காமவர் படியில்தான் நிற்க வேண்டும். உள்ளே பெஞ்சில் தம்பி, முன்னால் கவுன்ட்டரில் அக்கா.

அக்காவுக்குத் திண்டிவனம் பக்கம். பிளஸ் டூ முடித்து, இதே தெருவில் ஒரு கடைக்குப் பில் போட வந்தவர். அங்கே முதலாளி வாய்க்கு வந்தபடி பேசி வாடிக்கையாளரைக் கிளப்பிவிடுவார். பிறகு சமாதானம் பேச இவரைக் கூப்பிடுவார்கள். சம்பளம் என்னவோ பில் போடுவதற்கு மட்டும்தான். தம்பி சிப் லெவல் வேலை கற்றுத் தேறியதும் இருவருமாகச் சொந்தக் கடை போட்டார்கள். 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு சேறு அப்பிய லேப்டாப்புகளைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்தவர்களைப் பற்றி அவர் சொன்னது என்னை உலுக்கியது. "அப்ப ஒருத்தர்கூடச் சத்தம் போடல சார். 'போட்டோ மட்டும் எடுத்துக் குடுங்கம்மா'ன்னு நின்னாங்க. அதுக்கு, கத்திட்டுப் போறவங்களே தேவலாம்னு இருந்துச்சு."

கத்துகிறவர் ஒருவர் நான் இருக்கும்போதே வந்தார். ஐம்பது வயதிருக்கும். சிறு கடைகளுக்குக் கணக்கு எழுதுகிறவர். லேப்டாப்பைக் கவுன்ட்டரில் வைத்த வேகத்தில் பேனா டப்பா உருண்டது. "போன மாசம் சார்ஜ் ஏறலன்னு குடுத்தேன். இன்னிக்கு ஆனே ஆகல. என் போர்டைக் கழட்டிக்கிட்டு எதையோ பழசை மாட்டிட்டீங்க. திருட்டுப் பசங்க!" அவர் இவர்களிடம் கொடுக்கவில்லை. புறநகரில் தன் வீட்டருகே ஒரு கடையில் கொடுத்திருக்கிறார். அந்தக் கடை இங்கே அனுப்பியிருக்கிறது. பின்பக்கத் திருகின் மேல் ஒட்டியிருந்த வாரண்டி ஸ்டிக்கரைப் படித்துத் தேடி வந்துவிட்டார்.

அக்கா மறுத்துப் பேசவில்லை. அவர் மூச்சு வாங்கும்வரை இருந்துவிட்டுக் கேட்ட முதல் கேள்வி: "உள்ள என்ன சார் இருக்கு?"

மனிதர் நின்றுவிட்டார். அன்று தேதி 18. மாதாமாதம் தாக்கல் செய்கிறவர்களுக்கு ஜிஎஸ்டிஆர்-3பி வரிப் படிவத்துக்குக் கடைசி நாள் 20. அவரிடமிருக்கும் அத்தனை கடைகளின் டாலி கணக்கும் அந்த லேப்டாப்பில். தாமதமானால் நாளுக்கு 50 ரூபாய் கட்டணம், பாக்கி வரிக்கு ஆண்டுக்கு 18 சதவீத வட்டி, அதற்குமேல் கடைக்காரர்களின் ஏச்சு. போர்டு அவருக்கு இரண்டாவது கவலைதான்.

"மொதல்ல அதை எடுத்துருவோம் சார். அப்புறம் என்னைத் திட்டுங்க" என்று சொல்லிவிட்டு, போன மாத ஜாப் ஷீட்டைத் தேடி எடுத்தார். போர்டு, ராம், எஸ்எஸ்டி மூன்றின் சீரியல் எண்களும் அதில் இருந்தன. தம்பி மூடியைக் கழற்றியதும் எண்களை அவரையே படிக்கச் சொன்னார். மூன்றும் ஒத்துப்போயின. பிறகு போர்டை மைக்ராஸ்கோப்புக்குக் கீழே வைத்தார்கள். அதோடு இணைந்த சின்ன மானிட்டர், கவுன்ட்டரில் நிற்பவர் பார்க்கும்படி வெளிப்பக்கமாகத் திருப்பி வைக்கப்பட்டிருந்தது. கீபோர்டு கனெக்டரைச் சுற்றிப் பச்சை பூத்திருந்தது. போன மாதம் எடுத்த படத்தில் அதே இடம் சுத்தமாக இருந்தது. பவர் சப்ளையில் 19 வோல்ட் கொடுத்ததும் கரண்ட் ஒரேயடியாக ஏறி, வோல்டேஜ் படுத்துவிட்டது. ஷார்ட்.

"நான் எதையும் கொட்டல."

"யார் கொட்டினாங்கன்னு நான் கேக்கல சார். தண்ணி போயிருக்கு, அவ்வளவுதான்."

ஷார்ட்டை எப்படித் தேடிப் பிடிக்கிறார்கள் என்பதைத் தம்பி விளக்கினார். நான் அதைத் தொடரவில்லை. என் கவனமெல்லாம் எஸ்எஸ்டியின் மேல் இருந்தது. அதைக் கழற்றி வேறொரு கணினியில் மாட்டியதும் பிட்லாக்கர் பூட்டு சாவி கேட்டது: 48 இலக்கம். ஊரில் படிக்கும் மகளுக்குப் போன் போட்டார். அவள் அவருடைய மைக்ரோசாஃப்ட் கணக்கைத் திறந்து, ஆறு ஆறாகப் படிக்க, அவர் திருப்பிச் சொல்ல, அக்கா எழுதிக்கொண்டார். கடைசி ஆறு எழுதி முடிக்கையில் அவர் குரல் தணிந்து, அக்காவை "அம்மா" என்று கூப்பிட ஆரம்பித்திருந்தார்.

கணக்குகளை ஒரு பென் டிரைவில் ஏற்றிக் கொடுத்து 500 ரூபாய் வாங்கினார்கள். போர்டு வேலையை அவர் பிறகு பார்த்துக்கொள்வதாகச் சொன்னார்.

அவர் போன பிறகு ஜாப் ஷீட்டைப் பார்த்தேன். போன மாத வேலைக்கு இவர்களுக்குப் பேசிய கூலி 1,800. புறநகர்க் கடை அவரிடம் வாங்கியதோ 4,500. சண்டைக்கு நடுவே அவரே சொல்லியிருந்தார். பையில் போட்டு அனுப்பி, பையில் திரும்ப வாங்கியதற்கு 2,700 ரூபாய்! போர்டில் கை வைத்தவனுக்குத் திருட்டுப் பட்டம், கை வைக்காதவனுக்குப் பெரும்பங்கு. இது அநியாயம். இன்னும் மேலே போனால் தயாரிப்பு நிறுவனங்கள். ராமைப் போர்டோடு சேர்த்துப் பற்றவைக்கிறார்கள், சர்க்யூட் வரைபடத்தை வெளிக்கடைகளுக்குத் தருவதில்லை, முழு போர்டையும் மாற்று என்கிறார்கள். பழுதுபார்க்கும் உரிமைக்காக மத்திய அரசு 2022 ஜூலையில் குழு அமைத்தது. அதே ஆண்டு டிசம்பர் 24 அன்று இணையதளமும் தொடங்கியது. இந்தப் பெஞ்சுக்கு இன்றும் வரைபடம் வருவது பழைய சகாக்களின் வாட்ஸ்அப் வழியாகத்தான். எந்த ரிப்பேர் பில்லிலும் வேலை செய்த கடையின் பெயரும், அந்தக் கடைக்குப் போன கூலியும் இருக்க வேண்டும். இதை எங்கும் சொல்வேன்.

1,800 என்பதை ஏன் அவரிடம் சொல்லவில்லை என்று அக்காவைக் கேட்டேன்.

"சொன்னா நேரா அந்தக் கடை வாசல்ல போய் நிப்பாரு. நாளைக்கு அவங்க எனக்கு மெஷின் அனுப்ப மாட்டாங்க. மாசத்துல பாதி வேலை அவங்க குடுக்கறதுதான் சார். அந்த 1,800கூட இன்னும் வரல. இன்னிக்குப் போன் பண்ணிக் கேக்கணும்."