நீரிற் கரையும் வர்ணமும் ஒரு கருஞ்சிறுத்தையும்

விழா மலருக்கு ஏதேனும் எழுதித் தருமாறு பழைய மாணவர் சங்கத்தார் கேட்டபோது, இலக்கியப் பொருள் ஒன்றையே எழுதுவேன் என்று அவர்கள் எண்ணியிருத்தல் கூடும். தமிழாசிரியன் சித்திரத்தைப் பற்றி எழுதுவது சற்று அத்துமீறலே. ஆயினும் ஹற்றனுக்கு அப்பாலுள்ள தோட்டப் பாடசாலையொன்றிற் சித்திர ஆசிரியர் இல்லாத குறையை நிரப்பும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. கலாசாலையில் நான் பெற்ற பயிற்சிச் சான்றிதழில் அதற்கான தகுதி எதுவும் எழுதப்படவில்லை.

நம் கல்லூரியில் என்னோடு ஒரே வாங்கில் இருந்து படித்து, இன்று சுவிற்சர்லாந்தில் வாழும் நண்பர் ஒருவர் விடுமுறையில் வந்தபோது ஒரு தகரப்பெட்டியைத் தந்தார். உள்ளே வர்ணப் பென்சில்களும் கிறேயோன்களும் இருந்தன. சாதாரண வர்ணப் பென்சிலில் நிறத்தை மெழுகு பிடித்து வைத்திருக்கும். இவற்றிலோ நீரோடு சேரும் பசைப்பொருள் கலந்திருக்கிறது. ஆதலால் கீறிய கோட்டை ஈரத் தூரிகையால் தொட்டதும் அது கரைந்து நீர்வர்ணமாய்ப் பரவுகிறது. ஜெனீவா நகரிலுள்ள கரன் டாஷ் நிறுவனம் 1931இல் 'பிரிஸ்மாலோ' என்ற பெயரில் இத்தகைய பென்சிலை வெளியிட்டது. 'கரன்டாஷ்' என்பது பென்சிலைக் குறிக்கும் உருசியச் சொல். துருக்கிய மொழியிற் 'கருங்கல்' எனப் பொருள்படும் தொடரிலிருந்து வந்தது என்பர். 'கரு' என்ற ஒலி காதில் விழுந்ததும் தமிழாசிரியனின் மனம் துள்ளத்தான் செய்கிறது. ஒலியொப்புமை ஒன்றையே கொண்டு உறவு கொண்டாடக் கூடாது என்று மாணவருக்குச் சொல்லுபவன் நானே ஆகையால் அடங்கிக்கொண்டேன்.

பறவைகளிலிருந்து தொடங்கினோம். கந்தப்பளைத் தேயிலைத் தோட்டமொன்றில் 1891இற் பிறந்த ஜி. எம். ஹென்றி என்பார், பின்னர் கொழும்பு நூதனசாலையிற் பணியாற்றி, இலங்கைப் பறவைகளைத் தீட்டிப் புகழ்பெற்றார். 1955இல் வெளிவந்த அவருடைய பறவை நூலை வகுப்பிற் காட்டினேன். தேயிலைச் செடிகளுக்கிடையே வளர்ந்த பிள்ளையொன்று இப்படி வரைந்தது என்றதும் பிள்ளைகள் நிமிர்ந்து உட்கார்ந்தனர். அவர் துரைமார் வீட்டுப் பிள்ளை என்பதை நான் உடனே சொல்லவில்லை. அவர்களே கேட்டு அறிந்துகொண்டனர்.

குளிர்காலத்தில் வடஇந்தியாவிலிருந்து வரும் ஆறுமணிக்குருவியை முதலில் எடுத்துக்கொண்டது என் பிழை. முதுகு பச்சை, அடிவயிறு சிவப்பு. இரண்டும் ஈரத்தோடு சந்தித்தால் சேறாகின்றன. ஒன்று முற்றாக உலர்ந்த பின்னரே மற்றதைத் தொடவேண்டும். உலர்வது எங்கே? பத்து மணிக்கே மூடுபனி வகுப்பறைக்குள் நுழையும் ஊர் இது. தென்மேற்குப் பருவ மழைக் காலத்திற் காலையில் ஈரமாக்கிய தாள் மாலையிலும் கையில் ஒட்டும். பிள்ளைகளோ படங்களை வீட்டுக்குக் கொண்டுபோய் லயத்து அடுப்படியில் உலர்த்தி வந்தார்கள். விறகுப்புகை படிந்து அத்தாள்களில் வெள்ளை என்பதே இல்லாது போயிற்று. புகை படிந்த தாளில் மரைகளும் குரங்குகளும் உண்மையாகவே மூடுபனியில் நிற்பன போலத் தோன்றின. நான் கற்பித்த முறைகளுள் எதுவும் அவ்வளவு பயன் தரவில்லை.

2020 மே 26ஆந் தேதி, நல்லதண்ணிக்கு அருகே லக்சபான தோட்டப் பகுதியில் ஒரு கருஞ்சிறுத்தை கம்பிச் சுருக்கில் அகப்பட்டது. வனசீவராசிகள் அதிகாரிகள் மீட்டு உடவளவைக்குக் கொண்டுசென்றனர். 29ஆந் தேதி அது இறந்தது. கருஞ்சிறுத்தை வேறோர் இனமன்று. நிறப்பொருள் மிகுந்து கறுத்த சிறுத்தையே. இலங்கையில் அதைக் காண்பது மிக அரிது.

பாடசாலை மீண்டும் திறந்தபின், எட்டாந் தரத்து மாணவன் ஒருவன் அதை வரைய விரும்பினான். கறுப்பை அப்படியே அப்பிவிடாதே என்றேன். வெயில் படும்போது அதன் உடலிற் புள்ளிகள் தெரியும். ஆகவே கடும் பழுப்பும் கருநீலமும் முதலிற் பூசி, நீர் தொட்டு, உலர்த்தி, பிறகு கறுப்புப் பென்சிலாற் புள்ளிகளை இடவேண்டும். அவன் மூன்று நாள் அதில் உழைத்தான். வர்ணங்களைக் காய்ந்தபடியே பூசிக் கொண்டுவந்து, "நீங்களே தண்ணி தொடுங்க சேர்" என்றான்.

தூரிகையை நனைத்து இழுத்தேன். நெற்றி கரைந்தது; தோள் கரைந்தது. கழுத்திலே நிறம் பிடிக்காமல், மயிர்போல ஒரு வெள்ளைக் கோடு எழுந்தது. மீண்டும் இழுத்தேன், நீர் அதன்மேல் நில்லாமல் இருபுறமும் விலகியது.

"மெழுகுதிரி தேச்சிருக்கேன் சேர். அது கரையாது."

"எதற்கு?"

"கம்பி சேர்."

சற்று நேரம் கழித்து, மெதுவான குரலில், "எங்கப்பாவும் வைப்பாரு. பன்னிக்குத்தான்" என்றான்.

எனக்குப் பேச்சு வரவில்லை. அந்த மனிதரை நான் அறிவேன். லயத்துக்குப் பின்னாலுள்ள துண்டு நிலத்தில் உருளைக்கிழங்கும் லீக்ஸும் பயிரிடுகிறார். தோட்டச் சம்பளம் போதாத வீட்டில் அந்த நிலமே பிள்ளைகளின் கொப்பிக்கும் சப்பாத்துக்கும் வழி. ஓர் இரவிற் காட்டுப்பன்றிக் கூட்டம் புகுந்தால் மூன்று மாத உழைப்புப் போய்விடும். சுருக்கு வைப்பது குற்றம் என்பதும் அவருக்குத் தெரியும். சம்பளம் ஒழுங்காய் வாங்கும் நான் அவரைக் கடிந்துகொள்வது எளிது. ஆனால் கம்பி பன்றியையும் சிறுத்தையையும் பிரித்தறியாது. அது பிள்ளைக்கே தெரிந்திருந்தது.

பெற்றோர் தினத்திற் படங்களைச் சுவரில் மாட்டினோம். கண்காட்சிக்கு இது ஏற்றதன்று, கோட்டை மறைத்துவிடலாமே என்று சக ஆசிரியர் ஒருவர் சொன்னார். மெழுகின்மேல் இந்த வர்ணம் நில்லாது என்றேன். அது உண்மைதான்; ஆயினும் சுரண்டி எடுக்கலாம் என்பதை நான் சொல்லவில்லை.

தந்தையார் வந்தார். அந்தப் படத்தின் முன் நெடுநேரம் நின்றார். "கோட்டை எப்படி வெள்ளையா விட்டான் சேர்?" என்று மட்டும் கேட்டார். மெழுகைப் பற்றிச் சொன்னேன். தலையசைத்துவிட்டு மகனைத் தேடிப் போனார். பின்னர் அவர் சுருக்கு வைத்தாரா இல்லையா என்று நான் விசாரிக்கவில்லை. விசாரிக்கும் துணிவு வரவில்லை என்பதே சரி.

பையன் இப்போது உயர்தரம் படிக்கிறான். நண்பர் தந்த பெட்டி இன்னும் வகுப்பிலே இருக்கிறது. மஞ்சளும் ஊதாவும் ஏறக்குறையப் புதிதாகவே உள்ளன. கறுப்புப் பென்சில் மட்டும் விரற்கணு அளவாய்த் தேய்ந்துவிட்டது. இந்த மலர் சுவிற்சர்லாந்துக்கும் போகும் என்று சங்கத்தார் சொல்கின்றனர். நண்பர் பார்வையில் இது படுமாயின், அடுத்த முறை வரும்போது கறுப்பில் மட்டும் ஐந்தாறு கொண்டுவருமாறு கேட்டுக்கொள்கிறேன்.