ஒயர் பாடுமா?

பெங்களூர் எஸ்.பி. ரோட்டில் ஸ்பீக்கர் ஒயரை மீட்டர் கணக்கில் அளந்து வெட்டிக் கொடுக்கிறார்கள். பெரிய ஆடியோ ஷோரூம்களில் அதுவே அழகான பெட்டிக்குள், ஸ்பீக்கர் விலையோடு போட்டி போட்டபடி காத்திருக்கிறது. சாஃப்ட்வேர் சம்பளக்காரரோ பென்ஷன்தாரரோ, இசைப் பிரியர் இந்த இரண்டுக்கும் நடுவே தவிக்கிறார். "இவ்வளவு செலவு பண்ணிட்டு ஒயர்ல போய் மிச்சம் பிடிக்கலாமா சார்?" என்று கேட்டுவிட்டால், சேமிப்பில் இன்னொரு துண்டு விழும்.

மிச்சம் பிடிக்கலாம். ஆனால் கனத்தில் பிடிக்கக் கூடாது.

ஒயரின் நீளம் கூடினால் மின்தடை கூடும். கனம் கூடினால் குறையும். ஸ்பீக்கரின் தடையில் 5 சதவீதத்தை ஒயர் தாண்டக் கூடாது என்பது பொதுக் கணக்கு. 1.5 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயரில் 5 மீட்டர் தூரத்துக்கு, போக வர 10 மீட்டருக்கு, தடை சுமார் 0.12 ஓம்தான். 8 ஓம் ஸ்பீக்கருக்கு இது தூசு. ஆனால் ஹாலின் நடுவே ஒயர் ஓடுவதை வீட்டில் யார் சம்மதிப்பார்கள்? சுவரோரமாக, நிலைப்படியைச் சுற்றி வரும்போது 5 மீட்டர் 15 ஆகிவிடுகிறது. அங்கே 0.5 சதுர மில்லிமீட்டர் ஒயரைப் போட்டால் தடை 1 ஓமைத் தாண்டும். 4 ஓம் ஸ்பீக்கரென்றால் மின்னழுத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கு வழியிலேயே காலி. ஸ்பீக்கரின் தடை ஸ்வரத்துக்கு ஸ்வரம் மாறுவதால் இழப்பும் சீராக இராது. மிருதங்கத்துக்கு ஒரு நியாயம், வயலினுக்கு ஒரு நியாயம். செம்பு முலாம் பூசிய அலுமினியத்தைச் செம்பு என்று வாங்கி வந்தால் கணக்கு இன்னும் மோசமாகும்.

வடிவமைப்புக்கும் வேலை உண்டு. இசைத்தட்டு பிளேயரிலிருந்து வரும் சிக்னல் மிக மெல்லியது. அந்த கேபிளுக்கு நல்ல கவசம் இல்லையென்றால் 'ம்ம்ம்' என்ற கரண்ட் இரைச்சல் புகுந்துவிடும். அதன் நீளம் கூடினால் மேல் ஸ்தாயியின் குணமும் மாறலாம்.

இரண்டு பக்கமும் ஒயர் ஒரே நீளம் இருந்தாக வேண்டும் என்பதோ வெறும் ஐதீகம். 3 மீட்டர் வித்தியாசத்தை மின்சாரம் நொடியில் கோடியில் ஒரு பங்குக்கும் குறைவான நேரத்தில் கடந்துவிடும். ஸ்பீக்கரை ஓர் அடி நகர்த்தினால் ஏற்படும் தாமதம் இதைப்போலப் பல்லாயிரம் மடங்கு.

கனமான சாதா ஒயருக்கு மேல், விலைக்கேற்ற ஓசை உண்டா? 7,250 டாலர் ஒயரையும் சாதா ஒயரையும் எது எதுவென்று தெரியாமல் கேட்டுப் பிரித்துச் சொன்னால் 10 லட்சம் டாலர் தருவதாக 2007இல் அமெரிக்க மேஜிக் நிபுணர் ஜேம்ஸ் ராண்டி சவால் விட்டார். கடைசிவரை அந்தச் சோதனை நடக்கவேயில்லை. வித்தியாசம் கேட்கிறது என்பவர்கள் பொய் சொல்வதில்லை. காசு கொடுத்த காது எதிர்பார்ப்போடுதான் கேட்கும்.

உண்மையில் ஓசையைக் கெடுப்பது பல வீடுகளில் வழவழப்பான டைல்ஸ் தரையும் வெற்றுச் சுவரும்தான். ஒரு ஜமக்காளம், கனமான திரைச்சீலை, நிறையப் புத்தகங்கள் கொண்ட அலமாரி: இவை செய்யும் மாற்றத்தைக் கேட்கச் சவால் எதுவும் தேவையில்லை. மிச்சப் பணத்தில் நாலு இசைத்தட்டு வாங்கலாம். பாட்டு கேட்கத்தானே இத்தனையும்?