துரை இல்லாத தீவு

ஸ்கொட்லாந்தின் மேற்குக் கரைக்கு அப்பால் இருக்கும் எக் தீவுக்குப் போக நினைப்பவர்கள் முதலில் கப்பல் நேரத்தைப் பார்க்க வேண்டும். லீவு போடுவதெல்லாம் அதற்குப் பிறகுதான். மாலெய்க் துறைமுகத்திலிருந்து கிளம்பும் ‘லொக் நெவிஸ்’ கப்பல் எக், மக், ரம், கன்னா என்ற நான்கு சிறு தீவுகளுக்கும் போய் வருகிறது. எந்தக் கிழமையில் எந்தத் தீவுக்கு எத்தனை மணிக்கு என்பது நாளுக்கு நாள் மாறும். காற்று பலத்தால் அன்றைக்குக் கப்பலே இல்லை. வெளியாட்கள் கார் கொண்டுபோக முடியாது; அரிசி, பருப்பு, படுக்கைப் பை எல்லாவற்றையும் தோளில் போட்டுக்கொண்டுதான் இறங்க வேண்டும்.

கிளாஸ்கோத் தமிழர்கள் விடுமுறை என்றால் லண்டனில் இருக்கும் சொந்தக்காரர் வீட்டுக்குப் போவார்கள், அல்லது ரொறன்ரோவுக்கு டிக்கெட் போடுவார்கள். பக்கத்தில் இருக்கும் தீவுகளின் பெயர் தெரியாமலே இருபது வருடம் அந்த நகரில் வாழ்ந்தவர்கள் உண்டு. இலங்கையின் ஹட்டனுக்குப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்து, கிளாஸ்கோவில் தாதியாக வேலை பார்க்கும் ஒரு பெண், ஊரிலிருந்து வந்திருந்த அம்மாவையும் பன்னிரண்டு வயது மகனையும் கூட்டிக்கொண்டு எக் போனதற்குக் காரணம் ரொம்ப எளிமையானது: தங்குமிடம் மலிவு. ‘கேம்பிங் பொட்’ என்று சொல்லும் மரக்குடில்.

கிளாஸ்கோவிலிருந்து மாலெய்க்குக்கு ரயிலில் ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஆகும். 21 வளைவுகள் கொண்ட கிளென்ஃபின்னன் பாலத்தை ரயில் கடக்கும்போது பெட்டியில் இருந்த எல்லோரும் கைபேசியைத் தூக்கினார்கள். அம்மா மட்டும் மறுபக்க ஜன்னலில் மலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். “இவ்வளவு மலை இருக்கு, ஒரு ஆளக் காணோமே” என்பதுதான் அவர் கேட்டது. அந்தக் கேள்விக்கு ஸ்கொட்லாந்தின் இருநூறு வருடச் சரித்திரத்தைப் பதிலாகச் சொல்ல வேண்டியிருக்கும்.

கால்மிஸ்டேல் விரிகுடாவைப் பார்த்தபடி நின்ற அந்தக் குடிலின் கூரை வண்டிக்கூண்டு மாதிரி வளைந்து வந்து சுவராகிறது. உள்ளே நுழைந்ததும் பலகை வாசனை. ஒரு பக்கம் மரத்திண்டு, அதன்மேல் மெத்தை. தலையணை உறை, போர்வை எல்லாம் நாம் கொண்டுபோக வேண்டும். ஒரு விளக்கு, ஒரு ஹீட்டர், ஒரு கெட்டில், ஈர உடுப்பு மாட்ட நாலு கொக்கி. குளிக்கவும் கழிப்பறைக்கும் வெளியே நடந்துதான் போக வேண்டும். மழை கூரையில் விழுந்தால் தலைக்கு இரண்டடி மேலே விழுவது போலக் கேட்கும். ஆனால் ஒரு சொட்டு உள்ளே வராது.

அம்மா வாசலில் நின்று நீளத்தையும் அகலத்தையும் கண்ணாலேயே அளந்தார். “ஏண்டி, நம்ம காம்பரா அளவுதான் இருக்கு.”

அவர் சொன்னது சரி. மலையகத் தோட்டங்களில் லயம் எனும் வரிசைவீட்டின் ஒரு காம்பரா பத்தடிக்குப் பன்னிரண்டடி. அதற்கு முன்னால் ஒரு இஸ்தோப்பு. அதில்தான் அவருடைய தாத்தா காலத்திலிருந்து குடும்பம் இருந்தது. அதில்தான் ஆறு பிள்ளைகளை வளர்த்தார். மூன்று ராத்திரி காசு கொடுத்துத் தங்குவதற்கும் மூன்று தலைமுறை வேறு வழியில்லாமல் கிடந்ததற்கும் உள்ள தூரம் அம்மாவுக்குத் தெரியும், மகளுக்கும் தெரியும். ஆகவே அந்தப் பேச்சு நீளவில்லை. அம்மா கெட்டிலில் தண்ணீர் வைத்தார்.

அந்தக் கெட்டிலுக்குப் பின்னால் ஒரு தீவே இருக்கிறது. எக் தேசிய மின்கட்டமைப்போடு இணைந்ததில்லை. 2008 பெப்ரவரி வரைக்கும் வீட்டுக்கு வீடு டீசல் ஜெனரேட்டர்தான், இரவில் நிறுத்திவிடுவார்கள். அந்த மாதம் தீவுக்காரர்களே சொந்தமாகத் தொடங்கிய மின்நிறுவனம் மின்சாரம் கொடுக்க ஆரம்பித்தது. லெய்க் பக்கம் ஓடும் நீரிலிருந்து 100 கிலோவாட் வரை, ‘அன் ஸ்கூர்’ பாறைமலையின் அடிவாரத்தில் நாலு காற்றாலைகள், அவற்றோடு சூரியத் தகடுகள். மழை குறைந்த கோடையில் வெயில் தாங்கும். வெயில் இல்லாத குளிர்காலத்தில் மழையும் காற்றும் தாங்கும். தேவையில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் இப்படியே கிடைக்கிறது. மிச்சத்துக்குத்தான் டீசல்.

இதில் கவனிக்க வேண்டியது இயந்திரத்தைவிட விதிமுறை. எந்த வீடும் ஒரே நேரத்தில் 5 கிலோவாட்டுக்கு மேல் இழுக்கக் கூடாது. கடை, விடுதி போன்றவற்றுக்கு 10. பெரிய வீடு, சின்ன வீடு என்ற பாகுபாடு இல்லை. கெட்டில், அடுப்பு, ஹீட்டர் மூன்றையும் சேர்த்துப் போட்டால் கரண்ட் நின்றுவிடும். திரும்பப் போட ஆள் வர வேண்டும், அதற்குக் கட்டணமும் உண்டு. நீரும் காற்றும் குறைந்த நாட்களில் பார்த்துச் செலவழிக்கச் சொல்லி ஊருக்கே தகவல் போகும். மிஞ்சுகிற நாட்களில் அந்த மின்சாரம் பொது மண்டபத்தையும் தேவாலயத்தையும் சூடாக்கும். பேரனுக்கு இது பிடித்துப்போனது. ஹீட்டரை அணைத்துவிட்டுத்தான் கெட்டிலைப் போட வேண்டும் என்று அவனே அந்தக் குடிலுக்கு ஒரு சட்டம் போட்டான்.

கோடையில் இந்தக் கரைகளுக்கு வருபவர்கள் மிட்ஜ் எனும் பொடிக்கொசுவைப் பற்றிப் புலம்பாமல் திரும்புவதில்லை. காற்று நின்றால் கூட்டமாக வரும், லேசாக வீசினாலும் பறக்க முடியாமல் ஒதுங்கிவிடும். அட்டைக்கடியோடு நாற்பது வருடம் கொழுந்து எடுத்த அம்மாவுக்கு அது ஒரு பொருட்டே இல்லை.

இரண்டாம் நாள் காலை, துறையில் இருக்கும் கடைக்குப் பால் வாங்கப் போகும்போது அம்மா கேட்டார்:

“இங்க துரை பங்களா எங்க இருக்கு?”

“பங்களா இருக்குமா. துரைதான் இல்ல.”

“துரை இல்லாம யாருடி தோட்டத்தப் பாக்குறது?”

“இருக்கிறவங்களே தீவ வாங்கிட்டாங்க.”

அம்மா நடையை நிறுத்திவிட்டார்.

ஸ்கொட்லாந்தில் தீவுகள் முழுசாக விலைக்கு வருவது வழக்கம். மனிதர்கள் குடியிருக்கும் வீடு, வயல், பாதை எல்லாம் சேர்த்து ஒருவர் விற்பார், இன்னொருவர் வாங்குவார். எக்கும் அப்படித்தான் கைமாறிக்கொண்டே வந்தது. பலருக்கு நிலையான குத்தகை கிடையாது. நாளைக்கு எழும்பச் சொன்னால் எழும்ப வேண்டும் என்ற நிலையில் யாரும் கூரையைச் சரிசெய்யக்கூடத் துணியவில்லை. சகித்துப் பார்த்த மக்கள் கடைசியில் பணம் திரட்ட இறங்கினார்கள். நாடெங்கிலுமிருந்து முன்பின் தெரியாதவர்கள் அனுப்பினார்கள். பெரும்பகுதியைக் கொடுத்தவர் இன்றுவரை பெயரை வெளியிடாத ஒரு பெண்மணி. 1997 ஜூன் 12ஆம் தேதி, 15 லட்சம் பவுண்டுக்கு, தீவு அதன் குடிமக்களின் அறக்கட்டளைக்கு வந்து சேர்ந்தது. குடியிருப்போர் சங்கம், ஹைலண்ட் கவுன்சில், ஸ்கொட்டிஷ் வனவிலங்கு அறக்கட்டளை ஆகிய மூன்றும் அதில் பங்காளிகள். அன்றைக்கு அறுபது சொச்சம் பேர் இருந்த தீவில் இன்று நூற்றுக்கும் மேல். கீயா என்ற இன்னொரு தீவும் 2002இல் அதே வழியில் போனது. 2003இல் வந்த நிலச்சீர்திருத்தச் சட்டம் இப்படி வாங்கும் உரிமையையே எழுதிவைத்தது.

புலம்பெயர்ந்தவர்கள் பலருக்கு வெள்ளைக்காரர் என்றால் எல்லோரும் ஒன்று. ஆண்டவர்களும் அவர்கள்தான், காசுக்காரர்களும் அவர்கள்தான். அந்த எண்ணத்தை மாற்றும் இடம் எக்கின் தெற்குப் பக்கத்தில் இருக்கிறது. ஸ்கூர் மலைக்குக் கீழே போகும் கரட்டுப் பாதையில் நடந்தால் க்ரூலின் வரும். ஊர் என்று சொல்ல இப்போது அங்கே முழங்கால் உயரக் கற்சுவர்கள்தான் மிச்சம். 1853இல் ஆட்டுப் பண்ணை வைப்பதற்காக மேல் க்ரூலினின் 14 குடும்பங்களை ஒட்டுமொத்தமாக எழுப்பிவிட்டார்கள். பெரும்பாலானோர் கப்பலேறிக் கனடாவின் நோவா ஸ்கோஷியாவுக்குப் போனார்கள். பக்கத்து ரம் தீவில் 1826இலேயே ஏறக்குறைய 300 பேரை அப்படி அனுப்பியாயிற்று. ரயிலில் அம்மா கேட்ட கேள்விக்குப் பதில் அந்தச் சுவர்கள்.

அம்மா ஒரு சுவருக்குள் இறங்கி நின்றார். வாசல் எது, அடுப்பு எங்கே இருந்திருக்கும் என்று காட்டினார். சுவருக்கு வெளியே புல்லுக்கடியில் வரி வரியாக மேடு தெரிந்தது. கல்லும் ஈரமும் நிறைந்த மண்ணில் உருளைக்கிழங்கு போட அவர்கள் கையால் கட்டிய பாத்திகள் அவை. 170 வருடம் ஆடு மேய்ந்தும் அழியவில்லை. “நல்லாப் பாடுபட்டிருக்காங்க” என்றார். தோட்டத்துக்காரர் வாயிலிருந்து வரக்கூடிய பெரிய பாராட்டு அதுதான்.

இதே ஸ்கொட்லாந்திலிருந்து இன்னொரு கூட்டம் இலங்கைக்குக் கப்பலேறியது. 1867இல் லூல்கந்துரவில் முதல் தேயிலைத் தோட்டத்தை நட்ட ஜேம்ஸ் டெய்லர் இந்த நாட்டுக்காரர். 1890இல் தோட்டங்களை வாங்கிய தோமஸ் லிப்டன் கிளாஸ்கோவில் பிறந்து அங்கேயே அடக்கமானவர். ஹோலிரூட், டன்சினேன், ஸ்ட்ராத்ஸ்பே என்று மலையகத் தோட்டங்களுக்கு ஊர்ப் பெயர்களையும் அவர்கள் கொண்டுபோனார்கள். அந்தத் தோட்டங்களில் தமிழ்நாட்டிலிருந்து போனவர்கள் காடு வெட்டினார்கள், கொழுந்து எடுத்தார்கள், 1948இல் குடியுரிமையையும் இழந்தார்கள். நாட்டுரிமை திரும்பக் கிடைத்தது. லயத்துக்குக் கீழே இருக்கும் மண் கிடைக்கவில்லை. ஏழு பேர்ச் காணி, பத்துப் பேர்ச் காணி என்ற வாக்குறுதிகளுக்காகக் காத்திருக்கும் குடும்பங்கள் இன்றும் ஏராளம். துரத்தப்பட்டவர்களும் துரைகளாகப் போனவர்களும் ஒரே நாட்டிலிருந்து போனார்கள் என்பதைக் கிளாஸ்கோவில் எத்தனை வருடம் இருந்தாலும் தெரிந்துகொள்ள வாய்ப்பில்லை. க்ரூலினில் ஒரு மணி நேரம் நின்றால் போதும்.

தீவில் எல்லாம் சுகம் என்று சொல்ல முடியாது. ஆரம்பப் பள்ளி மட்டும்தான் உண்டு. மேல்வகுப்புப் பிள்ளைகள் மாலெய்க்கில் ஹொஸ்டலில் தங்கிப் படிக்க வேண்டும். தன் வயதுப் பையன்கள் திங்கட்கிழமை கப்பலேறினால் வெள்ளிக்கிழமைதான் வீடு திரும்புவார்கள் என்று தெரிந்தபோது பேரன் பேசாமல் இருந்தான். தீவில் வீடுகளும் போதாது. வந்து குடியேற விரும்புகிறவர்களுக்கு இடம் கிடைப்பது கஷ்டம்.

துறைக்குப் பக்கத்தில் சிக்னல் கிடைத்தது. அம்மா தோட்டத்தில் இருக்கும் தம்பியைக் கூப்பிட்டு, கப்பல் வரும்வரை எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னார்: பத்தடிக் காம்பரா, துரை இல்லாதது, எல்லாரும் சேர்ந்து வாங்கியது. மறுமுனையில் மாமா நிதானமாகக் கேட்டார்.

“சரிக்கா, அங்க விக்கிறதுக்கு ஒரு ஆள் இருந்தாரு. இங்க நெலம் கவுர்மெண்டோடது, குத்தகை கம்பனியோடது. நாம யாருகிட்டப் போயி வெல கேக்குறது?”

அம்மா போனை மகளிடம் நீட்டினார். “நீ படிச்சவ, நீ சொல்லு.” மகளுக்கு உடனே சொல்லத் தெரியவில்லை. குத்தகைப் பத்திரத்தில் லயத்து மண்ணைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது, அதை முதலில் பாருங்கள் மாமா, தோட்டத்துத் தலைவரிடம் கேட்டு ஒரு பிரதி எடுத்து அனுப்புங்கள் என்றார். மாமா சரி என்றார். கப்பல் அரை மணி நேரம் பிந்தி வந்தது.