பாக்கெட்டைப் பார்த்து பிளானைப் போடு!

வாட்ஸ்அப்ல 'கோவா ட்ரிப்'னு குரூப் ஆரம்பிக்காத ஃபிரெண்ட்ஸ் கேங் உண்டா பாஸ்? அந்த குரூப்புல கோவாவைத் தவிர மத்த எல்லாத்தையும் பேசுவாங்க. கடைசியில மெரினாவுல சுண்டலோட ட்ரிப் முடியும். எங்க கேங் கொஞ்சம் ஓவர். நேரா 'ஐரோப்பா'ன்னே குரூப் ஆரம்பிச்சோம்!

ஓவரா பேசுறதுக்கு ஒரு காரணமும் இருந்தது. கோவையில ஒண்ணா பி.இ. முடிச்ச நாலு பேர்ல மூணு பேர் ஜெர்மனியில எம்.எஸ். படிக்கிறோம். நானும் மதுரைக்காரனும் டிரெஸ்டன்ல, ஈரோட்டுக்காரன் பக்கத்து ஊர்ல. நாலாவது ஆள் சென்னையில ஐ.டி. வேலை. '2025 மார்ச்ல எங்களுக்கு செமஸ்டர் லீவு, வாடா'ன்னு கூப்பிட்டோம். உடனே பிளான் பறந்தது. பாரிஸ், சுவிஸ் பனிமலை, ரோம், வெனிஸ்... எக்செல் ஷீட்டே மூச்சு வாங்கிச்சு!

அப்புறம் குரூப் மெதுவா அமைதியாச்சு. ஒருத்தன் 'பார்க்கலாம் மச்சி'ன்னான். இன்னொருத்தன் 'லீவ் கிடைக்கிறது டவுட்'னான். இந்த மாதிரி டயலாக்கை டிக்‌ஷனரியில தேடினா ஒரே அர்த்தம்தான் இருக்கும்: கையில காசு இல்லை. ஆனா அதை யாரும் வாய்விட்டுச் சொல்றதில்லை. காலேஜ்ல ஒரு டீயை நாலா பிரிச்சுக் குடிச்சவங்கதான். அப்போ எல்லாருமே அப்பா காசு, எல்லாருமே ஏழை. இப்போ ஒருத்தனுக்குச் சம்பளம், ஒருத்தனுக்குக் கல்விக்கடன், ஒருத்தனுக்குத் தங்கச்சி கல்யாணம். 'ஜெர்மனியில இருக்கான், யூரோவுல புரள்றான்'னு ஊர்ல நினைக்கிறாங்க. விசாவுக்காக பிளாக் பண்ணி வைக்கிற பணத்துல மாசம் எடுக்க முடிஞ்சது 992 யூரோ. அதுலதான் வாடகை, இன்ஷூரன்ஸ், சாப்பாடு எல்லாமே!

இந்த நேரத்துலதான் எங்க சீனியர் அக்கா என்ட்ரி. டூருக்கு வராதவங்க, யாரோட கணக்கையும் வெளியே விடாதவங்க. 'தம்பிகளா, ஊரைத் தேர்ந்தெடுக்கிறதை நிறுத்துங்க. ஊர்ல சுத்துற செலவுக்கு ஒவ்வொருத்தரும் கடன் வாங்காம எவ்வளவு போட முடியும்னு எனக்குத் தனியா மெசேஜ் அனுப்புங்க. யார் எவ்வளவுன்னு சொல்ல மாட்டேன். இருக்கிறதுலயே சின்ன நம்பர் எதுவோ, அதுதான் நாலு பேருக்கும் பட்ஜெட்'னாங்க.

மறுநாள் அக்காகிட்ட இருந்து ஒரே வரி வந்தது: '400 யூரோ.' அப்போதைய ரேட்டுக்கு 37,000 ரூபாய் வாக்கில். 'டேய், யாருடா அது?'ன்னு ஒருத்தனும் கேட்கலை. எக்செல் ஷீட்டைத் திறந்து சத்தமில்லாம சுவிஸை அழிச்சோம். பனிமலை ரயில் டிக்கெட் ஒண்ணுக்கே பாதி பட்ஜெட் காலி ஆகியிருக்கும்!

அடுத்து பாரிஸ். 'இருபது யூரோவுக்கு ஃப்ளைட் இருக்குடா'ன்னு மதுரைக்காரன் துள்ளினான். அந்த மாதிரி மலிவு விமானங்கள் பல நேரம் இறக்கிவிடுறது போவே விமான நிலையத்துல. பாரிஸ்ல இருந்து 85 கிலோ மீட்டர்! மேல்மருவத்தூர்ல இறக்கிவிட்டு 'சென்னை வந்தாச்சு'ங்கற மாதிரி. பெட்டிக்குத் தனிக் காசு, பஸ்ஸுக்குத் தனிக் காசு. இதைவிட பெரிய சிக்கல் லூவர் மியூசியம். 26 வயசுக்குக் கீழே, ஐரோப்பாவுல குடியிருக்கிறவங்களுக்கு அங்கே இலவசம். ஜெர்மன் குடியிருப்பு அட்டை இருக்கிற நாங்க மூணு பேரும் ஓசியில உள்ளே போகலாம். அதே வயசுள்ள சென்னைக்காரன் மட்டும் அப்போ 22 யூரோ கட்டணும். (2026 ஜனவரியில இருந்து ஐரோப்பாவுக்கு வெளியே இருந்து வர்றவங்களுக்கு அது 32 ஆயிடுச்சு!) ஒரே கேங்ல ரெண்டு ரேட்டா? பாரிஸும் அவுட்!

கடைசியில ஜெயிச்சது பிராக், வியன்னா, புடாபெஸ்ட். மூணும் ஒரே பாதையில வரிசையா இருக்கு. டிரெஸ்டன்ல இருந்து பிராக் ரெண்டரை மணி நேரம், அங்கிருந்து வியன்னா நாலு மணி நேரம், வியன்னாவுல இருந்து புடாபெஸ்ட் மூணு மணி நேரத்துக்குள்ள. திரும்ப ராத்திரி பஸ். ஒரு நாள் ரூம் வாடகை மிச்சம்! மார்ச் சீசன் இல்லாத மாசம்கிறதால ஹாஸ்டல் படுக்கையும் சல்லிசு. 'ஹாஸ்டல்'னா நம்ம காலேஜ் ஹாஸ்டல் மாதிரிதான், எட்டு பேர் ஒரு ரூம். ஒரு பூட்டு மட்டும் எடுத்துட்டுப் போங்க.

கணக்கு இதுதான். ஆறு ராத்திரி படுக்கை 150, ஊர் விட்டு ஊர் போக 80, சாப்பாடு 84, டிராம் - மெட்ரோ 40. மீதி 46 யூரோ. இந்த 46-க்கு ஒரு சட்டம் போட்டோம்: 'ஆளுக்கு ஒரு ஆசை'. யாருக்கு எது வேணுமோ அதுக்கு டிக்கெட் எடுக்கலாம். மத்தவங்க கூட வரணும்னு கட்டாயம் இல்லை, வெளியே நின்னு மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கவும் கூடாது. ஈரோட்டுக்காரன் 1913-ல திறந்த செச்சினி வெந்நீர்க் குளத்துல போய் ஊறினான். நான் காசு கொடுக்காம, டானூப் கரையோரம் ஓடுற 2-ம் நம்பர் டிராம்ல பார்லிமென்ட்டைப் பார்த்துக்கிட்டே போனேன். யார் அதிகம் என்ஜாய் பண்ணினதுன்னு இன்னும் பட்டிமன்றம் நடக்குது!

காசில்லாமப் பார்க்கிறதுக்கே கண் போதாது பாஸ். பிராக்ல 1357-ல கட்ட ஆரம்பிச்ச சார்லஸ் பாலத்துல விடியக்காலையில நடந்து பாருங்க. வியன்னாவுல ஷோன்ப்ருன் அரண்மனைக்குள்ளேதான் டிக்கெட், தோட்டம் இலவசம். அந்த ஊர்க் குழாய்த் தண்ணி மலை ஊற்றுல இருந்து வருது. பாட்டில் வாங்குறவங்கதான் பாவம்!

சாப்பாட்டுக்கு எங்க ஹீரோ எலெக்ட்ரிக் குக்கர். ஹாஸ்டல் கிச்சன்ல சோறு வடிச்சு, வீட்டுல இருந்து வந்த புளிக்காய்ச்சலைக் கிளறினா புளியோதரை ரெடி. ஞாயிற்றுக்கிழமை வியன்னாவுல சூப்பர் மார்க்கெட் பெரும்பாலும் மூடியிருக்கும், சனிக்கிழமையே தயிர் வாங்கிடுங்க. செக் நாட்டுல கொருனா, ஹங்கேரியில ஃபோரின்ட். அங்கே ஏ.டி.எம். 'உங்க ஊர்க் காசுல கணக்குப் போடவா?'ன்னு அன்பா கேட்கும். 'வேண்டாம்'னு அழுத்துங்க. அந்த அன்புக்கு ரேட் ஜாஸ்தி!

சென்னைக்காரன் செலவு தனிக்கதை. ஷெங்கன் விசாவுக்கு 90 யூரோ. கிடைக்கலைன்னா திரும்பத் தரமாட்டாங்க. 30,000 யூரோவுக்கு மருத்துவ இன்ஷூரன்ஸ் கட்டாயம். எந்த நாட்டுல அதிக நாள் தங்குறோமோ அந்த நாட்டுக்கிட்டதான் விண்ணப்பிக்கணும். பயணத்துக்கு ஆறு மாசம் முன்னாடியே விண்ணப்பிக்கலாம், சீக்கிரமா போடுறது நல்லது. அவன் முன்னாடி பின்னாடி அஞ்சு ராத்திரி டிரெஸ்டன்ல எங்க ரூம்ல தங்கினதால ஜெர்மனி. விமானத்துக்குன்னு அவன் ஒரு வருஷமா சேர்த்திருந்தான். அதனால டிரெஸ்டன்ல இருந்த வரைக்கும் அவனோட சாப்பாடு, டீ எல்லாம் எங்க கணக்கு. இதுக்கு ஓட்டெடுப்பு எல்லாம் தேவைப்படலை.

டிப்ஸ் எல்லாம் இன்டர்நெட்ல கொட்டிக் கிடக்கு. ஆனா 'என்கிட்ட இவ்வளவுதான் இருக்கு'ன்னு கூச்சப்படாம சொல்ல ஒரு வழி எந்த ஆப்லயும் கிடையாது. வசதி உள்ளவன் பிளான் போட்டா, இல்லாதவன் ஒண்ணு கடன் வாங்குவான், இல்லை 'லீவ் இல்ல மச்சி'ம்பான். ரெண்டுலயும் ஒரு ஃபிரெண்டு கொஞ்சம் தூரமாப் போயிடுறான். இல்லாதவன் நம்பர்ல பிளான் போட்டா? நாலு பேரும் ஒரே பஸ்ல, ஒரே டப்பாவுல புளியோதரை!

அந்த 400 யூரோ யாரோடதுன்னு எனக்கு இன்னைக்கு வரைக்கும் தெரியாது. அக்கா சொல்லலை, நாங்களும் கேட்கலை. ஸோ, உங்க கேங்குக்கும் முதல்ல ஒரு ரகசியம் காக்குற அக்காவைத் தேடுங்க மக்களே. பாஸ்போர்ட்டை அப்புறம் தேடிக்கலாம்!