பட்டியலில் விடுபட்டது

முதல் வாரத்துக்கு ஒரே வேலைதான். வீட்டிலிருந்து ஒரு பொருளைக் கொண்டுவர வேண்டும். விலை 200 ரூபாயைத் தாண்டக் கூடாது. பேட்டரி, பிளக் எதுவும் இருக்கக் கூடாது. வீட்டில் யாராவது ஒருவர் தினமும் அதைக் கையில் எடுக்க வேண்டும். இதைச் சொன்னதும் முதலாண்டுப் பிள்ளைகளின் முகம் சுருங்கிவிடும். கார் வரையலாம், ஷூ வரையலாம் என்று டிசைன் படிக்க வந்தவர்களிடம் நான் தேங்காய்த் துருவியைக் கொண்டுவரச் சொல்கிறேன்.

திங்கட்கிழமை மேசை நிறைந்துவிடும். முறம், பூரிக்கட்டை, விளக்குமாறு, இடியாப்ப அச்சு, துணி மாட்டும் கிளிப். ஒரு வருடம் மூன்று பேர் சீப்பை நீட்டினார்கள். வீட்டுப்பாடத்தை மறந்துவிட்டு, வகுப்பு வாசலில் பையைத் துழாவியவர்கள் என்று பார்த்ததுமே தெரிந்தது. போகட்டும், சீப்பும் பொருள்தான்.

கொண்டுவந்ததை இருபது முறை வரைய வேண்டும். முதல் நாலைந்து படங்கள் பொருளைப் பார்த்து வரைந்தவையாக இருக்காது. குடம் என்றால் இப்படி, கரண்டி என்றால் இப்படி என்று சின்ன வயதிலிருந்து மனத்தில் கிடப்பதைத்தான் கை வரையும். ஏழெட்டுப் படத்தில் சலிப்பு வரும். பத்தாவதில் என்மேல் கோபம் வரும். பன்னிரண்டு, பதிமூன்று வாக்கில் யாராவது ஒருவர், “சார், இதுல ஒரு கோடு ஓடுது சார்” என்பார். பிளாஸ்டிக் வார்த்த அச்சின் இரண்டு பாதிகள் சேர்ந்த இடத்துத் தழும்பு அது. பிறந்ததிலிருந்து அந்தக் குடத்துத் தண்ணீரைத்தான் குடித்திருப்பார். தழும்பை அன்றைக்குத்தான் பார்க்கிறார்.

கையில் இருப்பது கண்ணில் படாது என்பதற்கு நான் வகுப்பில் சொல்லும் கதை ஒன்று உண்டு. அமெரிக்க எழுத்தாளர் தோரோ, மெய்ன் காடுகளுக்குள் பன்னிரண்டு நாள் போய்வர என்னென்ன வேண்டும் என்று ஒரு பட்டியல் போட்டார். கூடாரம், தீப்பெட்டி, பழைய செய்தித்தாள், கயிறு என்று ஒன்று விடாமல் எழுதியவர் பென்சிலை மட்டும் விட்டுவிட்டார். இத்தனைக்கும் பென்சில் இல்லாமல் ஒரு நாளும் இருந்தவரில்லை. அவருடைய தந்தைக்குத் தொழிலே பென்சில் செய்வது. மகனும் அதில் இறங்கி உழைத்து அதன் தரத்தை உயர்த்தியவர். பொறியியல் பேராசிரியர் ஹென்றி பெட்ராஸ்கி பென்சிலைப் பற்றி மட்டுமே ஒரு தடித்த புத்தகம் எழுதினார், 1990-ல் வந்தது. அந்தப் புத்தகம் இந்த மறதியிலிருந்துதான் தொடங்குகிறது. பட்டியலை எழுதியிருக்கக்கூடிய பென்சிலே பட்டியலில் இல்லை. பிள்ளைகள் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். என் பட்டியலில் என்ன இல்லை என்று தெரிய எனக்குச் சில வருடங்கள் ஆயின.

2019-ல் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் என்று சென்னையின் நான்கு ஏரிகளும் வற்றிக் கிடந்தன. அந்த வருடம் ஒரு மாணவி பச்சைப் பிளாஸ்டிக் குடத்தோடு வந்தாள். ஐந்தாவது படத்திலேயே குடத்துக்குக் கைப்பிடியும் சக்கரமும் முளைத்துவிட்டன. இது எல்லாருக்கும் வரும் வியாதி. பார்ப்பதற்கு முன்பே திருத்திவிடுவார்கள். சக்கரத்தைக் கழற்றி வைத்துவிட்டு உங்கள் தெருவில் தண்ணீர் லாரி வரும்போது மூன்று நாள் போய் உட்கார், எதையும் கேட்காதே, பார் என்று அனுப்பினேன்.

நான்காம் நாள் அவள் நோட்டு நிரம்பியிருந்தது. குடத்தின் கழுத்து ஏன் அவ்வளவு குறுகல்? இடுப்பில் ஏற்றியதும் முழங்கை அந்தக் கழுத்தைத்தான் சுற்றிக்கொள்கிறது. வயிறு இடுப்பெலும்பின் மேல் உட்கார்ந்துகொள்கிறது. நடக்கும்போது தண்ணீர் தளும்பி மேலே வந்தாலும் கழுத்து அதைத் தடுத்துத் திருப்பி அனுப்புகிறது. விளிம்பு வெளியே மடிந்திருப்பதால் இரண்டு விரலை அதன் அடியில் கொடுத்துத் தூக்க முடிகிறது. உடம்பைச் சுற்றி ஓடும் வரிகளை அழகுக்கென்று நினைத்திருந்தாளாம். அமுக்கிப் பார்த்திருக்கிறாள். வரி இல்லாத இடம் உள்ளே போகிறது, வரி உள்ள இடம் போகவில்லை. மெல்லிய பிளாஸ்டிக்குக்கு அந்த மடிப்புகள்தான் எலும்பு. பித்தளைக் குடத்துக்கு அடி உருண்டை. கீழே வைக்கப் பிரிமணை வேண்டும். பிளாஸ்டிக் குடம் தெருவில் நிற்க வேண்டிய குடம், அதனால் அடி தட்டையாகி உள்ளே குழிந்திருக்கிறது.

இவை குடத்தைப் பார்த்தாலே கிடைப்பவை. வரிசையைப் பார்த்ததில் கிடைத்தவை வேறு. லாரி வருவதற்கு இரண்டு மணி நேரம் முன்பே குடங்கள் வந்து நின்றுவிடுகின்றன, ஆட்கள் வருவதில்லை. குடம்தான் ஆளுக்குப் பதில். அதனால்தான் அத்தனை நிறங்கள். நிறம் போதாதவர்கள் கழுத்தில் ரிப்பன் கட்டியிருக்கிறார்கள், பெயின்டில் இனிஷியல் எழுதியிருக்கிறார்கள். ஒரு குடத்தை யாராவது ஓரடி நகர்த்தினால் சண்டை வருகிறது. அந்தச் சண்டை ஆளைத் தள்ளிவிட்டதற்கு வரும் சண்டையேதான். கடைசி நாள் மனசு கேட்காமல் தன் சக்கரக் குடத்தின் படத்தை ஒரு அம்மாவிடம் காட்டியிருக்கிறாள். அந்த அம்மா சிரித்துவிட்டார். “மூணாவது மாடிக்குச் சக்கரம் எப்டிம்மா ஏறும்?” அவர் இருந்தது ஹவுசிங் போர்டு வீடு. லிப்ட் கிடையாது.

அந்த நோட்டைப் பார்த்தபோது எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்துக்குக் காரணம் உண்டு. இந்தியாவில் டிசைன் கற்பிக்கிறவர்களுக்கெல்லாம் மூலப் பாத்திரம் ஒன்று இருக்கிறது: லோட்டா, நம் செம்பு. சார்லஸ் ஈம்ஸ், ரே ஈம்ஸ் என்ற அமெரிக்க வடிவமைப்புத் தம்பதியை இந்திய அரசு அழைத்தது. நாடெங்கும் சுற்றிப் பார்த்து 1958-ல் அவர்கள் ஓர் அறிக்கை கொடுத்தார்கள். அதன் விளைவாக 1961-ல் அகமதாபாத்தில் தேசிய வடிவமைப்புக் கழகம் பிறந்தது. இந்தியாவில் தாங்கள் கண்டு வியந்த பொருள்களுள் மிக அழகானது செம்புதான் என்று அந்த அறிக்கையில் சொல்லியிருக்கிறார்கள். இன்றைக்கு ஒருவர் செம்பை முதலிலிருந்து வடிவமைக்க உட்கார்ந்தால் எதையெல்லாம் யோசிக்க வேண்டும் என்று நீளமாக அடுக்குகிறார்கள். எவ்வளவு தண்ணீர், தூக்குகிற கை எப்படிப்பட்டது, தலையிலா இடுப்பிலா, நிறைந்திருக்கும்போது எடை எங்கே நிற்கும், காலியானால் எங்கே போகும், கல்லில் வைத்தால் என்ன சத்தம் கேட்கும், வெயில் பட்டால் எப்படி மின்னும், பழசானால் என்ன விலைக்குப் போகும். இதையெல்லாம் எந்தத் தனி ஆளும் உட்கார்ந்து யோசிக்கவில்லை, பல தலைமுறைக் கைகள் சேர்ந்து செய்தது என்பது அவர்கள் கருத்து.

அந்த அடுக்கை நான் தமிழில் எழுதி, நகலெடுத்து, ஒவ்வொரு வருடமும் கொடுத்துவந்தேன். என் கேள்வித்தாள் என்று சொல்லிக்கொண்டது பெரும்பாலும் அதுதான்.

டபரா டம்ளரைப் பற்றிச் சொல்லாமல் போனால் சென்னைக்காரர்கள் விடமாட்டார்கள். எல்லா வருடமும் ஒருவராவது அதைக் கொண்டுவருவார், எல்லா வருடமும் ஒரே கண்டுபிடிப்புகள்: விளிம்பு வெளியே வளைந்திருப்பதால் சூட்டோடு பிடிக்க முடிகிறது, உதடு படாமல் தூக்கிக் குடிக்க முடிகிறது; உயரத்திலிருந்து ஆற்றினால் நுரையும் வரும், சூடும் தணியும். நானும் எல்லா வருடமும் நல்ல மதிப்பெண் போடுவேன். உதடு படாமல் ஏன் குடிக்க வேண்டும் என்று நானும் கேட்டதில்லை, அவர்களும் கேட்டதில்லை.

பச்சைக் குடம் வந்ததற்குச் சில வருடங்கள் கழித்து மதுரைக்குத் தெற்கேயிருந்து ஒரு பையன் வந்தான். மேசைமேல் அவன் வைத்தது கொட்டாங்குச்சி. சிரட்டை என்றான் அவன். கண்கள் உள்ள பாதியை விட்டுவிட்டு அடிப்பாதியை மட்டும் கொண்டுவந்திருந்தான். இது வீட்டில் தினமும் எடுக்கும் பொருளா என்று கேட்டேன். “இப்ப இல்ல சார். அப்பத்தா காலத்துல எடுத்தது” என்றான். விதிப்படி இல்லை என்றேன். இருக்கட்டும் சார் என்று வரைய உட்கார்ந்துவிட்டான். முதல் வாரக் குறிப்பில் அவன் எழுதியிருந்ததில் பாதி அப்பத்தா சொன்னது. ஓரத்தில் நான் சிவப்பு மையில் எழுதினேன்: “கதை வேண்டாம். பொருளைப் பார்.”

பார்த்தான். அடுத்த வாரம் கொண்டுவந்த படங்களில் ஒன்று சிரட்டையின் அடியை மட்டும் பெரிதாகக் காட்டியது. கீழே ஒரு வரி: இதற்கு அடி இல்லை. எங்கே வைத்தாலும் சாயும். டீயை வாங்கினால் குடித்து முடிக்கும்வரை கையில்தான் வைத்திருக்க வேண்டும். திண்ணையில் வைக்க முடியாது, வைக்கவும் விடமாட்டார்கள். அடுத்த படம் ஒரு கை, ஒரு டீ பாத்திரம், கீழே சிரட்டை. இரண்டுக்கும் நடுவே அம்புக்குறி போட்டு இடைவெளி குறித்திருந்தான். ஊற்றுகிறவரின் பாத்திரம் வாங்குகிறவரின் சிரட்டையில் பட்டுவிடக் கூடாது. உயரத்திலிருந்து ஊற்றியதற்கு இங்கே காரணம் நுரை இல்லை. மூன்றாவது படம் ஓர் ஆணி. கூரை விளிம்புக்கு வெளியே, மழை படும் இடத்தில். குடித்தவரே கழுவி அதில் மாட்டிவிட்டுப் போக வேண்டும்.

அதோடு நிற்கவில்லை. சிரட்டைக்குப் பக்கத்தில் நசுங்கிய அலுமினிய டம்ளர் ஒன்றை வரைந்திருந்தான். அப்பா பையனாக இருந்தபோது கடையில் தனியாக வைத்திருந்ததாம். அதற்குப் பக்கத்தில் பேப்பர் கப். அது அவனே பார்த்தது. விடுமுறைக்கு ஊருக்குப் போனபோது பக்கத்து ஊர்க் கடை எதிரே இரண்டு காலை உட்கார்ந்து, யார் யார் கைக்குக் கண்ணாடிக் கிளாஸ் போகிறது, யார் யார் கைக்குப் பேப்பர் கப் போகிறது என்று கோடு போட்டு எண்ணியிருக்கிறான். கேட்டால் சுத்தத்துக்காக என்பார்களாம். கண்ணாடியில் குடிப்பவர்களுக்குச் சுத்தம் வேண்டாமா என்று அவன் எழுதவில்லை. எண்ணிக்கையை மட்டும் எழுதியிருந்தான்.

நான் அன்று மாலை ஈம்ஸ் அடுக்கை எடுத்து மறுபடி படித்தேன். கையின் அளவு உண்டு, பலம் உண்டு, ஆணா பெண்ணா என்பதும் உண்டு. இதை யார் தொடலாம், யார் தொடக் கூடாது என்ற கேள்வி மட்டும் இல்லை. தீண்டாமையைக் குற்றமாக்கிய சட்டம் 1955-லேயே வந்துவிட்டது. அறிக்கை அதற்கு மூன்று வருடம் பிந்தியது. இருந்தும் வெளிநாட்டிலிருந்து சில மாதம் வந்து பார்த்தவர்களை இதற்காகக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவர்கள் கண்ணுக்குச் செம்பு புதிது. அதனால்தான் அதை அவ்வளவு நன்றாகப் பார்த்தார்கள். நான் இங்கேயே பிறந்தவன். எங்கள் வீட்டுக் கொல்லைப்புறத்திலும் வேலைக்கு வருகிறவருக்கென்று ஒரு தனித் தம்ளர் கவிழ்ந்து கிடந்தது. அது கவிழ்ந்து கிடக்கும் கல்லைக்கூட இப்போது என்னால் வரைந்துவிட முடியும். பத்து வருடத்துக்கு மேலாக அந்த அடுக்கை நகலெடுத்துக் கொடுத்தவனுக்கு அந்தத் தம்ளர் ஒரு தடவைகூட ஞாபகத்துக்கு வரவில்லை.

ஆண்டிறுதி மதிப்பீட்டுக்கு வெளியிலிருந்து ஆட்கள் வருவார்கள். கல்லூரிப் படிவத்தில் ‘சிக்கல்’ என்று ஒரு கட்டம், ‘தீர்வு’ என்று ஒரு கட்டம். பையன் முதல் கட்டத்தை நிரப்பியிருந்தான். இரண்டாவதை வெறுமனே விட்டிருந்தான். வந்தவர்களில் ஒருவர் பெரிய மனசோடு உதவப் பார்த்தார்: சிரட்டைக்கு ஒரு அடி வைத்துப் பாலிஷ் போட்டால் அருமையான கோப்பை ஆகுமே, சுற்றுச்சூழலுக்கும் நல்லது, இப்போது விற்கிறதே. பையன் அவரைப் பார்த்தான், பிறகு என்னைப் பார்த்தான். கட்டம் காலியாகவே இருக்கட்டும் என்று நான் சொன்னேன். காலிக் கட்டத்துக்கு மதிப்பெண் கிடையாது என்றார்கள். மற்றவற்றில் சேர்த்துப் போட்டுச் சரிக்கட்டினேன். அது என் அதிகாரத்துக்கு உட்பட்டதா என்று இன்றுவரை யாரும் கேட்கவில்லை.

முதல் வாரக் குறிப்பின் ஓரத்தில் நான் எழுதியதை அடித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டுத் திருப்பிக் கொடுத்தேன். கண்காட்சி முடிந்து மேசைகளைக் காலி செய்யும்போது, அந்தச் சிரட்டையை வகுப்பறை அலமாரியில், குடத்துக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டேன்.

“வேணாம் சார்” என்றான். “அப்பத்தா கேட்டுச்சு. அடுப்புல போடணுமாம்.”