மேக், ஆன்ட், மேவன் - ஒரு சின்னக் கதை

கல்லூரியில் ஜாவா ஆரம்பிக்கும்போது எல்லோரும் ஒரே கோப்பில்தான் நிரல் எழுதுவார்கள். ஜாவாசி என்று தட்டினால் கம்பைல் ஆகும், ஜாவா என்று தட்டினால் ஓடும். அவ்வளவுதான் உலகம். இறுதியாண்டு புராஜெக்ட் வரும்போதுதான் வினையே ஆரம்பம். நாற்பது கோப்புகள், டேட்டாபேசுக்கு ஒரு ஜார், பிடிஎஃப் உருவாக்க ஒரு ஜார்... ஒருத்தர் கணினியில் ஓடுவது இன்னொருத்தர் கணினியில் ஓடாது. "என் மெஷின்ல ஓடுதே மச்சி" என்ற புகழ்பெற்ற வசனம் பிறப்பது இங்கேதான் :-)

இந்தத் தலைவலி புதிதல்ல. 1976-ல் பெல் ஆய்வகத்தில் ஒரு நிரலாளர் ஒரு காலைப் பொழுது முழுக்க பிழையைத் தேடிக்கொண்டிருந்தார். பிழையை ஏற்கெனவே திருத்தியாகிவிட்டது. ஆனால் திருத்திய கோப்பை மறுபடி கம்பைல் செய்யவில்லை! பழைய நிரலையே ஓட்டிப் பார்த்திருக்கிறார். இந்தப் புலம்பலைக் கேட்ட சக ஊழியர் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் எழுதிய கருவிதான் மேக். எந்தக் கோப்பு எதைச் சார்ந்தது என்று எழுதி வைத்தால் போதும், மாறியதற்குத் தேவையானதை மட்டும் மேக் மறுபடி செய்துவிடும்.

மேக் கோப்பில் கட்டளை வரி டேப்பில்தான் தொடங்க வேண்டும். ஸ்பேஸ் தட்டினால் கதை கந்தல். இதை மாற்றலாமா என்று ஃபெல்ட்மன் யோசித்தபோது சுமார் பன்னிரண்டு பேர் அதைப் பயன்படுத்தத் தொடங்கியிருந்தார்கள். பாவம், அவர்களுக்கு ஏன் தொந்தரவு என்று விட்டுவிட்டார். அந்தப் பன்னிரண்டு பேருக்காக உலகமே இன்றும் டேப் தட்டிக்கொண்டிருக்கிறது!

ஜாவாவுக்கு மேக் அவ்வளவாக ஒத்துவரவில்லை. மேக் யூனிக்ஸ் கட்டளைகளை நம்பி ஓடுவது. ஜாவாவோ எங்கும் ஓடுவேன் என்று மார்தட்டிய மொழி. சன் நிறுவனத்தில் டாம்கேட் சர்வரை உருவாக்கிய ஜேம்ஸ் டங்கன் டேவிட்சன், அதை எல்லா இயங்குதளத்திலும் பில்ட் செய்ய ஜாவாவிலேயே ஆன்ட் எழுதினார். 2000 ஜூலையில் அது தனிக் கருவியாக வெளிவந்தது. டேப் தொல்லை போச்சு, அதற்குப் பதில் பக்கம் பக்கமாக எக்ஸ்எம்எல் வந்தது. எக்ஸ்எம்எல்லுக்குப் பதில் ஒரு ஸ்கிரிப்ட் மொழியைப் பயன்படுத்தியிருக்கலாம் என்று பின்னாளில் டேவிட்சனே எழுதினார்.

ஆரம்பகால ஆன்டில் இன்னொரு குறை. தேவையான ஜார்களைத் தேடிப் பிடித்து லிப் ஃபோல்டரில் போடுவது நிரலாளர் பாடு. இதைத் தீர்த்தது மேவன். 2004-ல் முதல் பதிப்பு, 2005 அக்டோபரில் இரண்டாம் பதிப்பு. பாம் எக்ஸ்எம்எல் என்ற கோப்பில் (பெயர்தான் பாம், வெடிக்காது!) வேண்டிய நூலகத்தின் பெயரையும் பதிப்பு எண்ணையும் எழுதினால், மத்தியக் களஞ்சியத்திலிருந்து தானே இறக்கிக்கொள்ளும். இரண்டாம் பதிப்பு இன்னும் ஒரு படி மேலே போனது. கேட்ட நூலகம் மட்டுமல்ல, அந்த நூலகத்துக்குத் தேவையான நூலகங்கள், அவற்றுக்குத் தேவையானவை என்று எல்லாமே வரும். சாம்பாருக்குச் சொன்னால் பருப்பு, புளி, பெருங்காயம் எல்லாம் கடையிலிருந்து தானாக வந்து இறங்குகிற மாதிரி.

எவ்வளவு வசதி! ஆனால் வந்த பெருங்காயம் எப்படிப்பட்டது என்று யார் பார்ப்பது?

2021 டிசம்பரில் பதில் தெரிந்தது. லாக்ஃபோர்ஜே என்பது நிரலில் நடப்பதைக் குறித்து வைக்கும் நூலகம். ஒரு குறிப்பிட்ட வடிவில் உள்ள வரி அதற்குள் போனால், வெளி சர்வரிலிருந்து நிரலை இறக்கி அது ஓட்டிவிடும் என்பது வெளியே வந்தது. மைன்கிராஃப்ட் விளையாட்டில் ஒரு சாட் செய்தி போதும், சர்வர் கைமாறிவிடும். ஆபத்தின் அளவுக்கு 10-க்கு 10 மதிப்பெண்! இந்த ஓட்டை 2013-லிருந்தே அங்கே இருந்தது. இதைப் பராமரித்தவர்கள் ஒரு சிறிய தன்னார்வக் குழு.

கூகிள் ஆராய்ந்தபோது, மத்தியக் களஞ்சியத்தில் இந்த ஓட்டையால் பாதிக்கப்பட்ட தொகுப்புகள் 17,000-க்கும் மேல், கிட்டத்தட்ட 4 சதவீதம். அவற்றில் பெரும்பாலானவை லாக்ஃபோர்ஜேயை நேரடியாகக் கேட்டவை அல்ல. வேறு எதையோ கேட்டபோது கூடவே வந்தது! அதனால்தான் பல நிறுவனங்களுக்கு அது தங்களிடம் இருக்கிறதா இல்லையா என்று கண்டுபிடிப்பதே பெரும்பாடானது.

மத்தியக் களஞ்சியத்தில் ஒருமுறை வெளியிட்டதை நீக்க மாட்டார்கள். நல்ல விதிதான். நீக்கினால் அதை நம்பிய நிரல்கள் எல்லாம் பில்ட் ஆகாமல் நிற்கும். ஆனால் அதே விதியால் ஓட்டையுள்ள பதிப்புகளும் இன்றும் அங்கேயே இருக்கின்றன. பழைய எண்ணைக் கேட்டால் மேவன் மறுபேச்சில்லாமல் கொண்டுவந்து தரும். எண்ணை மாற்றுவது மனிதர் வேலை.

மேக் மறதியைத் தீர்த்தது, ஆன்ட் இயங்குதளச் சண்டையைத் தீர்த்தது, மேவன் தேடும் வேலையைத் தீர்த்தது. என்னென்ன வந்திருக்கிறது என்று தெரிந்துகொள்ளும் வேலை மட்டும் இன்னும் நிரலாளரிடமே இருக்கிறது. அதற்கும் மேவனில் ஒரு கட்டளை உண்டு: டிபென்டன்சி ட்ரீ. எது எதை இழுத்து வந்தது என்று மரம் மாதிரி வரைந்து காட்டும். புராஜெக்ட்டை சமர்ப்பிப்பதற்கு முன் ஒரு தடவை தட்டிப் பாருங்கள் நண்பர்களே. கேட்டது ஐந்து, வந்தது ஐம்பது என்று தெரிந்தால் ஆச்சரியப்பட வேண்டாம்!