சுவருக்கு வாதி யார்?

எங்கள் திருநெல்வேலிச் சீமையில் வழக்கு என்றால் ஒரு தனி ருசி உண்டு. வரப்பு அரையடி நகர்ந்துவிட்டால் வக்கீல் வீட்டுத் திண்ணையில் போய் உட்கார்ந்துவிடுவார்கள். பக்கத்து வீட்டு முருங்கைக் கிளை தம் கூரைமேல் சாய்ந்தாலும் போவார்கள். கோயில் கொடையில் முதல் மரியாதை யாருக்கு என்பதற்காக இரண்டு தலைமுறையாகக் கோர்ட்டுப் படி ஏறி இறங்கிய குடும்பங்களை நான் அறிவேன். முக்கால் வயலை விற்றுக் கால் வயலுக்காக வாதாடி ஜெயித்த ஒரு பெரியவர், தீர்ப்பு வந்த அன்று தெருவுக்கே அல்வா வாங்கிக் கொடுத்தார்.

இப்படிப்பட்ட ஊரில், பிள்ளைகள் படிக்கிற பள்ளிக்கூடத்துச் சுவரில் விரிசல் விழுந்திருக்கிறது என்று பிராது கொடுத்தவர்கள் உண்டா என்று தெரிந்தவர்களிடமெல்லாம் விசாரித்துப் பார்த்தேன். "அதை நாம எப்படிக் கேக்க முடியும், அண்ணாச்சி?" என்றுதான் பதில் வந்தது. வரப்புக்குப் பட்டா இருக்கிறது. பள்ளிக்கூடத்துச் சுவருக்கு யார் பட்டாதாரர்?

2021 டிசம்பர் 17, வெள்ளிக்கிழமை. திருநெல்வேலி சாப்டர் மேல்நிலைப் பள்ளியில் காலை இடைவேளைக்கு மணி அடித்தது. வெளியே போன பையன்கள்மேல் கழிப்பறைச் சுவர் இடிந்து விழுந்தது. 3 பிள்ளைகள் இறந்து போனார்கள். 4 பேருக்குக் காயம். இறந்த பிள்ளைகளின் குடும்பங்களுக்கு 10 லட்சம் ரூபாய், காயம்பட்டவர்களுக்கு 3 லட்சம் என்று சர்க்கார் அறிவித்தது. மாநிலம் முழுவதும் பள்ளிக் கட்டடங்களைப் பரிசோதிக்க உத்தரவு பறந்தது. பழைய வகுப்பறைகள் பல இடிக்கப்பட்டன. அதுவரை யார் கண்ணிலும் படாத விரிசல்களெல்லாம் ஒரு வாரத்தில் எல்லார் கண்ணிலும் பட்டன.

அது சர்க்கார் உதவி பெறும் பள்ளி. இந்த ‘உதவி பெறும்’ என்கிற வார்த்தையைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். உபாத்தியாயருக்குச் சம்பளம் கொடுப்பது சர்க்கார். கட்டடத்தைக் கட்டிக் காப்பது நிர்வாகத்தின் பொறுப்பு. படிக்கிற பிள்ளைகளோ பெரும்பாலும் இல்லாதப்பட்ட வீட்டுப் பிள்ளைகள். அவர்களிடம் கட்டணம் வாங்கிச் சுவரெழுப்ப வழியில்லை. ஆகவே பாடம் சொல்கிறவருக்கு மாதா மாதம் பணம் வருகிறது. அவர் சாய்ந்து நிற்கிற சுவருக்கு, நிர்வாகத்தின் கையில் காசு இருந்தால் உண்டு. சர்க்காரைக் கேட்டால் நிர்வாகம் என்பார்கள்; நிர்வாகத்தைக் கேட்டால் மானியம் போதவில்லை என்பார்கள். இரண்டிலும் உண்மை இருக்கிறது என்பதுதான் வேதனை.

சட்டம் தூங்கிக்கொண்டிருந்ததா என்றால் அதுவும் இல்லை. 2004 ஜூலை 16-ல் கும்பகோணத்துப் பள்ளித் தீயில் 94 குழந்தைகள் கருகினார்கள். அதை முன்னிட்டு அவினாஷ் மெஹ்ரோத்ரா என்பவர் சுப்ரீம் கோர்ட்டில் ஒரு பொதுநல வழக்குத் தொடுத்தார். 2009 ஏப்ரலில் தீர்ப்பு வந்தது. கல்வி பெறும் உரிமை என்பதிலேயே பத்திரமான பள்ளிக்கூடத்தில் படிக்கும் உரிமையும் அடங்கியிருக்கிறது என்றார்கள் நீதிபதிகள். 2012 அக்டோபர் 3-ல், வேறொரு வழக்கில், ஆறு மாதத்துக்குள் எல்லாப் பள்ளிகளிலும் கழிப்பறையும் குடிதண்ணீரும் இருக்க வேண்டும் என்று உத்தரவிட்டார்கள். கழிப்பறை வேண்டும் என்ற உத்தரவுக்கு ஒன்பது வருஷம் கழித்து ஒரு கழிப்பறைச் சுவர் பிள்ளைகளைக் கொன்றது. தீர்ப்பு டில்லியில் எழுதப்படுகிறது. அதை எடுத்துக்கொண்டு வந்து ஊர்ப் பள்ளிக்கூடத்து வாசலில் நின்று, "ஐயா, இப்படிச் சொல்லியிருக்கிறார்களே" என்று கேட்க ஓர் ஆள் வேண்டுமே!

அந்த ஆள் யார் என்பதையும் ஒரு சட்டம் சொல்லத்தான் சொன்னது. 2010 ஏப்ரல் முதல் அமலுக்கு வந்த கல்வி உரிமைச் சட்டத்தில் பள்ளி மேலாண்மைக் குழு என்று ஒன்று உண்டு. அதில் முக்கால் பங்கு பெற்றோர். பாதிப் பேர் பெண்கள். பள்ளிக்கு என்னென்ன வேண்டும் என்று அவர்கள் ஒரு திட்டம் தீட்ட வேண்டும். சர்க்கார் மானியத்துக்கு அதுவே ஆதாரம். படிக்கும்போது எனக்கு மனம் நிறைந்தது. ஆனால் 2012-ல் அதே சட்டத்துக்கு ஒரு திருத்தம் வந்தது. உதவி பெறும் பள்ளிகளில் இந்தக் குழு ஆலோசனை மட்டும் சொல்லலாம், அவ்வளவுதான். 2014-ல் சுப்ரீம் கோர்ட்டின் அரசியல் சாசன அமர்வு, சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளுக்கு அந்தச் சட்டமே பொருந்தாது என்று சொல்லிவிட்டது. அந்த முடிவு சரிதானா என்று 2025 செப்டம்பரில் அதே கோர்ட்டின் இரு நீதிபதிகள் சந்தேகம் எழுப்பி, பெரிய அமர்வுக்குப் போகட்டும் என்று எழுதினார்கள்.

நான் சிறுபான்மையினர் பள்ளிகளைக் குறை சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. பாதிரிமார்கள் பாளையங்கோட்டையிலும் நாசரேத்திலும் பள்ளிக்கூடம் திறக்காமல் இருந்திருந்தால் இந்தச் சீமையில் எத்தனை பெண்கள் கையெழுத்துப் போடக் கற்றிருப்பார்கள்? என் கேள்வி வேறு. நடத்துகிறவர்களின் உரிமையைக் காப்பாற்றக் கோர்ட்டுக்குப் போக ஆள் இருந்தது. உள்ளே உட்கார்ந்திருக்கிற பிள்ளையின் தலைக்கு மேலே இருப்பதைப் பற்றிப் பேச, ஆலோசனை சொல்ல மட்டும் அனுமதி பெற்ற ஒரு தாய்தான் மிச்சம்.

அப்படி ஒரு தாயை நான் பார்த்தேன். கொக்கிரகுளத்தில், ஆற்றங்கரையில் இருக்கிறது கலெக்டர் ஆபீஸ். திங்கட்கிழமைதோறும் அங்கே மனு வாங்குவார்கள். பக்கத்திலேயே சுலோசன முதலியார் பாலம். 1843-ல் அந்த மனிதர் தம் சொந்தப் பணத்தைப் போட்டுக் கட்டியது. எங்கள் ஊர்க்காரர்களுக்கு அதைச் சொல்லிச் சொல்லி அலுக்காது. தர்மம் பெரியதுதான்; ஆனால் அது தானாக மனசில் உதித்தால்தான் உண்டு, கேட்டு வாங்க முடியாது. கேட்பதற்கு வந்தவர்களின் கதையும் அதே ஆற்றில்தான் இருக்கிறது. மாஞ்சோலைத் தோட்டத் தொழிலாளிகளுக்காக 1999 ஜூலை 23-ல் மனுவோடு ஊர்வலமாக வந்தவர்களைப் போலீஸார் அடித்து விரட்டியதில் 17 பேர் தண்ணீரில் பிணமானார்கள்.

நான் வேறு காரியமாகப் போயிருந்தேன். வரிசையில் எனக்கு முன்னால் நின்றவளுக்கு முப்பது வயது இருக்கும். கையில் மனு, அதோடு ஒரு பள்ளிக்கூட நோட்டு.

"என்ன விஷயம், தாயி?" என்றேன்.

"பள்ளிக்கூடத்துச் சுவரு, அண்ணாச்சி. எம்மவன் ஏழாவது படிக்கான். அவன் கிளாஸுல விரிசல் விட்டுருக்கு. ஹெட்மாஸ்டர்ட்ட சொன்னா, அது பூச்சு வெடிப்புன்னு சொல்லுதாவ."

"பூச்சு வெடிப்பாக இருந்தால்?"

அவள் நோட்டைத் திறந்து காட்டினாள். புருஷன் கொத்தனாராம். விரிசல் முடிகிற நுனியில் பென்சிலால் ஒரு கோடு கிழித்துப் பக்கத்தில் தேதி போட்டுவைக்கும்படி மகனிடம் சொல்லியிருக்கிறார். பையன் மாதம் ஒரு கோடாக மூன்று கோடு போட்டிருக்கிறான். அதை அப்படியே நோட்டில் படமாக வரைந்து, இடையே எத்தனை விரற்கடை என்று எழுதியிருந்தான்.

"வெறும் பூச்சா இருந்தா இப்படி நீளுமா? சுவரு இறங்குதுன்னு அவுக சொல்லுதாவ. நீங்களே சொல்லுங்க," என்றாள்.

நான் என்ன சொல்வது? எத்தனையோ சிவில் வழக்குகளில் இதைவிடச் சோனியான சாட்சியத்துக்கு டிக்ரி ஆகியிருக்கிறது.

மனுவை வாங்கி நம்பர் போட்டு ரசீது கொடுத்தார்கள். மனு அங்கிருந்து கல்வி ஆபீசுக்குப் போகும். கல்வி ஆபீஸ் நிர்வாகத்திடம் விளக்கம் கேட்கும். இதற்கு மேலே மதுரையில் ஹைகோர்ட்டுக் கிளை இருக்கிறது. கும்பகோணத்துத் தீ நடந்து எட்டாம் நாள், 2004 ஜூலை 24-ல், திறந்தார்கள். அதற்கு முன் எங்கள் ஊர்க்காரர் ஒரு ரிட் மனுப் போட வேண்டுமென்றால் மெட்ராஸுக்கு ரயிலேற வேண்டும். மதுரை பக்கம்தான். ஆனால் பீடி சுற்றுகிறவளுக்கு ஒரு நாள் கூலியும் பஸ் சார்ஜும் வக்கீல் பீஸும் பக்கமாகிவிடவில்லை.

அவளைச் சொல்வானேன், சர்க்காருக்கே இந்தக் கதி வந்தது. பள்ளிக்கல்விக்கு மத்திய சர்க்கார் தர வேண்டிய பாக்கி வரவில்லையென்று, வட்டியோடு சேர்த்து 2,291 கோடி ரூபாய் கேட்டுத் தமிழ்நாடு 2025 மே மாதம் சுப்ரீம் கோர்ட்டில் வழக்குப் போட்டது. சாப்டர் பள்ளி விபத்துக்குப் பிறகு, 2022 பட்ஜெட்டில், ஐந்து வருஷத்தில் 7,000 கோடி என்று பேராசிரியர் அன்பழகன் பெயரில் ஒரு திட்டம் அறிவித்ததும் நினைவிருக்கலாம். நல்ல திட்டம், அரசுப் பள்ளிகளுக்கு. இடிந்த சுவரோ உதவி பெறும் பள்ளியின் சுவர்.

இரண்டு மாதம் கழித்து அந்தப் பெண்ணின் ஊர்ப்பக்கம் போகும்படி நேர்ந்தது. விசாரித்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போனேன். அந்த அறையைப் பூட்டியிருந்தார்கள். ஏழாம் வகுப்பு சைக்கிள் கொட்டகையில் நடந்துகொண்டிருந்தது. மனுவின் பலன் அது. குறைவாகச் சொல்ல எனக்கு மனமில்லை. ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். பென்சில் கோடுகள் இப்போது ஐந்து. ஐந்தாவது கோட்டைத் தாண்டி விரிசல் இன்னும் ஒரு விரற்கடை ஏறியிருந்தது. பூட்டிய அறைக்குள் பையன் எப்படிப் போய்க் கோடு போட்டான் என்று தெரியவில்லை.